முதுநிலை வகுப்பில் திட்ட மேலாண்மை கற்பித்தல்: முதன்முறை பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு

வேலைகளின் முன்பின் வரிசையைக் காட்டும் வலைப்பின்னல் வரைந்து, ஃப்ளோட் (திட்டம் தாமதமாகாமல் ஒரு வேலை எத்தனை நாள் தள்ளிப்போகலாம் என்பது) கணக்கிட்டு, பருவத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுவிடும் மாணவர் பலர், பணியிடத்துக்குப் போனபின் ஓர் ஒப்பந்ததாரர் “மார்ச்சுக்குள் முடித்துத் தருகிறேன்” என்று சொல்லும்போது அந்தச் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்று மதிப்பிடத் தெரியாமல் நிற்கிறார்கள். கணக்குப் போடத் தெரிந்தவருக்கும் ஒரு வாக்குறுதியை எடைபோடத் தெரிந்தவருக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதே முதுநிலையில் இந்தப் பாடம் இருப்பதற்கான காரணம் என்று நான் கருதுகிறேன். எம்.பி.ஏ. வகுப்பானாலும், கட்டுமானப் பொறியியலும் மேலாண்மையும் படிக்கும் எம்.இ. வகுப்பானாலும் இது பொருந்தும். அந்தத் தூரத்தை விரிவுரையால் மட்டும் குறைக்க முடியாது. மாணவர் தம் கையால் ஒரு மதிப்பீட்டை எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டு, பிறகு நடந்ததோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு பருவம் முழுவதும் திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் ஏற்பாடுகள் பெரும்பாலும் அந்த ஒரு நோக்கத்துக்கானவை.

பாடத்திட்டம் ஐந்து அலகுகளாக உங்கள் கைக்கு வரும். அந்த வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. பருவ இறுதிக்குள் எல்லா அலகுகளும் முடிந்திருந்தால் போதும். மூன்று கிரெடிட் பாடத்துக்குக் கிடைக்கும் சுமார் நாற்பத்தைந்து மணி நேரத்தில், வரையறைகளுக்கும் வரலாற்றுக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். திட்டத்தின் இயல்புகள் யாவை, மேலாளரின் பண்புகள் யாவை என்பவற்றை மாணவர் தாமே படித்துக்கொள்வார். அவர் தனியே செய்ய முடியாத வேலைகளுக்கு வகுப்பு நேரத்தை ஒதுக்கி வையுங்கள்.

முதல் வாரம்: யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

முதுநிலை வகுப்பில் அனுபவம் ஒரே அளவில் இருக்காது. இளநிலையை முடித்த கையோடு வந்தவர் ஒருவர். ஆறேழு ஆண்டுகள் தளப் பொறியாளராக இருந்துவிட்டுப் பகுதிநேரமாகச் சேர்ந்தவர் இன்னொருவர். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தபடி மாலையில் வருபவர் மூன்றாமவர். முதல் நாளில் ஒரு பக்கத் தாள் கொடுத்து, தாங்கள் பங்கேற்ற ஏதேனும் ஒரு வேலை சொன்ன தேதியில் முடியாமல் போன கதையை எழுதச் சொல்லுங்கள். கல்லூரி விழாவாக இருக்கலாம், வீடு கட்டியதாக இருக்கலாம், அக்காவின் திருமண ஏற்பாடாகவும் இருக்கலாம். தாமதத்துக்கு என்ன காரணம், அது எப்போது முதன்முதலில் தெரிந்தது, யாரிடம் எப்போது சொன்னார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை வேண்டும். மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. தாமதம் தெரிந்த நாளுக்கும் அது மேலே சொல்லப்பட்ட நாளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பதை மாணவர்களின் சொந்தத் தாள்களே காட்டிவிடும். பின்னர் தகவல் தொடர்பு பற்றிய அலகை எடுக்கும்போது பாடநூல் எடுத்துக்காட்டுகளைவிட இந்தத் தாள்கள் பயன்படும்.

அனுபவமுள்ளவர்களை ஒரே குழுவில் சேர விடாதீர்கள். நான்கு பேர் கொண்ட குழுவில் பணியிடம் கண்டவர் ஒருவராவது இருக்கட்டும். ஆனால் குழுத் தலைமையை அவரிடம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மற்ற மூவரும் அவர் சொன்னதை எழுதிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள்.

மதிப்பீட்டு ஏடு

முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு ஏட்டைத் தொடங்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பணிக்கும், தொடங்குவதற்கு முன் எத்தனை மணி நேரம் ஆகும், எந்த நாளில் முடியும் என்று எழுத வேண்டும். முடித்தபின் உண்மையில் எவ்வளவு ஆயிற்று என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும். முன்மதிப்பீட்டுப் பக்கத்தில் அன்றைய வகுப்பிலேயே நீங்கள் சுருக்கொப்பமிட்டுவிடுங்கள். அதன்பின் திருத்தம் கூடாது. மதிப்பீடு சரியாக இருந்ததா என்பதற்கு மதிப்பெண் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் மாணவர் உண்மை நேரத்தை மதிப்பீட்டுக்கு ஏற்றபடி எழுதத் தொடங்குவார். ஏட்டை ஒழுங்காக வைத்திருப்பதற்கும், வேறுபாட்டுக்கு அவர் தரும் விளக்கத்துக்கும் மட்டுமே மதிப்பெண்.

மனிதர் தம் வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை 1979-இல் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் எடுத்துக்காட்டினார்கள். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. உளவியல் மாணவர்களிடம் அவர்களுடைய ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன சராசரி 33.9 நாள், உண்மையில் ஆனது 55.5 நாள். இந்த எண்களை முதல் வாரத்தில் சொல்லாதீர்கள். சொன்னால் “நாங்கள் அப்படியில்லை” என்று வகுப்பு நினைத்துக்கொள்ளும். ஆறாம் வாரத்தில், ஒவ்வொருவரும் தம் ஏட்டிலிருந்து உண்மை நேரத்தை மதிப்பீட்டு நேரத்தால் வகுத்துத் தம் சொந்த விகிதத்தைக் கண்டுபிடித்தபின் சொல்லுங்கள். அன்றிலிருந்து அவர்கள் தரும் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் பக்கத்தில் அந்த விகிதத்தால் பெருக்கிய எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். தன் பழைய பதிவிலிருந்து எதிர்காலத்தைக் கணிக்கும் இந்தப் பழக்கம் ஒன்றே மாணவரிடம் ஒட்டிக்கொண்டாலும் இந்தப் பாடம் பயன் தந்ததாக எண்ணுவேன்.

வேலையைப் பிரித்தல், பிறகு வலைப்பின்னல்

வேலைப் பிரிப்புப் பட்டியலைப் பல ஆசிரியர்கள் ஒரே மணி நேரத்தில் கடந்து கிரிட்டிக்கல் பாத்துக்கு, அதாவது திட்டத்தின் மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் மிக நீண்ட வேலைத் தொடருக்கு, போய்விடுகிறார்கள். கணக்கு அங்கேதான் இருக்கிறது, கேள்வித்தாளும் அங்கிருந்துதான் வருகிறது என்பதால் இது நிகழ்கிறது. ஆனால் பட்டியலில் விடுபட்டுப்போன வேலையை எந்தக் கணக்கும் பிடித்துத் தராது. இதற்கு இரண்டு முழு வகுப்புகள் ஒதுக்குங்கள். எல்லாக் குழுவும் ஒரே வேலையைப் பிரிக்கட்டும். எடுத்துக்காட்டாக, துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றுவதைக் கொடுக்கலாம். பிறகு பட்டியல்களைச் சுவரில் ஒட்டி, ஒரு குழுவில் இருந்து இன்னொரு குழுவில் இல்லாதவற்றைச் சிவப்பில் குறிக்கச் சொல்லுங்கள். மின் இணைப்பு அனுமதி, பழைய இருப்புப் பதிவேட்டை முடித்தல், பழுதான கருவிகளைக் கழிவாக அறிவித்தல், முதல்வரின் ஒப்புதல் போன்றவை எத்தனை பட்டியல்களில் விடுபட்டிருக்கின்றன என்று மாணவர்களே எண்ணுவார்கள். அடிமட்டத்தில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் எதைக் கண்டால் அது முடிந்ததாக ஏற்றுக்கொள்வோம் என்று ஒரு வரி எழுதவும் வேண்டும். “கம்பிகள் பொருத்தப்பட்டன” என்பதும் “மின் ஆய்வாளர் சோதித்து ஒப்பமிட்டார்” என்பதும் வெவ்வேறு தேதிகள் என்பது அந்த வரியை எழுதும்போதுதான் புலப்படும்.

அதே ஆய்வுக்கூடத்தை வைத்தே வலைப்பின்னலையும் கற்பியுங்கள். எட்டு வேலைகள் போதும். மின் வடிவமைப்புக்கு 3 நாள், அதன்பின் கம்பி வேலைக்கு 6 நாள். தரையைச் செப்பனிட 5 நாள். கம்பி வேலையும் தரையும் முடிந்தபின் இயந்திரங்களைப் பெயர்த்து வைக்க 4 நாள். இன்னொரு பக்கம், மேசைகளுக்குக் கொள்முதல் ஆணை வழங்க 2 நாள், அவை வந்துசேர 12 நாள். இயந்திரங்களும் மேசைகளும் வந்தபின் பொருத்த 3 நாள், சோதனை ஓட்டத்துக்கு 2 நாள். மாணவர்கள் கையால் கணக்கிட்டால் கொள்முதல் வழியே செல்லும் பாதை 19 நாளும், மின் வேலை வழியே செல்லும் பாதை 18 நாளும் வரும்.

இங்கே நிறுத்தி மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது: கிரிட்டிக்கல் பாத்தில் மிக நீண்ட 12 நாளில் நம் ஆட்கள் என்ன வேலை செய்கிறார்கள்? எதுவும் இல்லை, காத்திருக்கிறார்கள். ஆட்களைக் கூட்டினால் வேலை விரைவாக முடியும் என்ற எண்ணத்தின் எல்லை இங்கே தெரிந்துவிடும். இரண்டாவது: கூடுதல் பணம் கொடுத்து மேசைகளை 8 நாளில் வரவழைத்தால் எத்தனை நாள் மிச்சம்? நான்கு என்று வகுப்பில் பாதிப்பேர் சொல்வார்கள். கணக்கிட்டால் மின் வேலைப் பாதை 18 நாளில் நிற்பதால் மிச்சமாவது ஒரே நாள்தான். நான்கு நாளுக்கான பணத்தைக் கொடுத்து ஒரு நாளை வாங்கியிருக்கிறோம். மூன்றாவது, கொஞ்சம் கடினமானது: மேசைகள் 14-ஆம் நாளுக்குள் வருவதற்கு வாய்ப்பு 60 விழுக்காடு, இயந்திரங்கள் 14-ஆம் நாளுக்குள் தயாராவதற்கு வாய்ப்பு 70 விழுக்காடு, இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றால், 15-ஆம் நாள் காலையில் பொருத்தும் வேலை தொடங்க வாய்ப்பு எவ்வளவு? 42 விழுக்காடு. தனித்தனியே பார்த்தால் நம்பிக்கையூட்டும் இரண்டு பாதைகள் ஒரு புள்ளியில் கூடும்போது, அந்தப் புள்ளி தாமதமாவதே இயல்பான எதிர்பார்ப்பாகிவிடுகிறது.

இந்த மூன்றாம் கேள்வியை முன்வைத்தபின் பெர்ட் முறையை எடுத்தால், அதன் வலிமையும் குறையும் சேர்ந்தே விளங்கும். 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அது உருவானது. ஏறத்தாழ அதே காலத்தில் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களில் கிரிட்டிக்கல் பாத் முறை வளர்ந்தது. மிகக் குறைந்த காலம், பெரும்பாலும் ஆகக்கூடிய காலம், மிக அதிகக் காலம் என்ற மூன்றையும் வைத்து, நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி மற்ற இரண்டோடு கூட்டி ஆறால் வகுக்கும் சூத்திரத்தை மாணவர் எளிதில் மனப்பாடம் செய்துவிடுவார். ஆனால் தேர்வில் கேட்கப்படும் நிகழ்தகவு ஒரே ஒரு பாதைக்கு மட்டுமே உரியது. ஒரு நாள் மட்டுமே ஃப்ளோட் உள்ள பக்கத்துப் பாதையை அது கண்டுகொள்வதில்லை. அதனால் அந்த விடை எப்போதும் சற்றே நம்பிக்கை மிகுந்ததாக இருக்கும். இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, விரிதாளில் ஓராயிரம் முறை தற்செயல் எண்களை இட்டு மான்டே கார்லோ முறையில் அதே எட்டு வேலைகளை ஓட்டிக் காட்டுங்கள். ஒரு மணி நேரப் பயிற்சிதான். திட்டம் முடியும் நாளைக் காட்டும் வளைவு வலப்பக்கம், அதாவது தாமதத்தை நோக்கி, நகர்வதைத் தம் கணினியிலேயே பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

மென்பொருளை இதற்குப் பிறகே அறிமுகப்படுத்துங்கள். அட்டவணை போடும் மென்பொருளான பிரைமவேரா தெரிந்திருந்தால் கட்டுமான நிறுவனங்களில் வேலை தேடுவோருக்கு உதவும் என்பது உண்மை. கல்லூரியில் உரிமம் இல்லையென்றால் கட்டணமில்லாத புராஜெக்ட்லிபர் போதும். மாணவர் சமர்ப்பிக்கும் அட்டவணையில் இரண்டைச் சோதியுங்கள்: முன்னும் பின்னும் எதனோடும் இணைக்கப்படாமல் தொங்கும் வேலைகள் எத்தனை, இணைப்புக் கொடுக்காமல் தேதியைக் கையால் பூட்டிவைத்த வேலைகள் எத்தனை. இவை அதிகமாக இருக்கும் அட்டவணை, ஒரு வேலை தள்ளிப்போனால் மற்றவை என்னாகும் என்று சொல்லாது.

பாம்பனை வைத்து இரண்டு வகுப்புகள்

நேர்வு ஆய்வுக்கு அயல்நாட்டு வணிகப் பள்ளிகளின் தொகுப்புகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நம் கையெட்டும் தொலைவில் பாம்பன் இருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலம் 1964 டிசம்பர் 22 இரவில், தனுஷ்கோடியை அழித்த புயலில் சிதைந்தது. தூண்கள் பெரும்பாலும் நின்றன. அவற்றின்மேல் இருந்த இரும்புத் தளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை கடலுக்குள் போயின. சீரமைக்க ஆறு மாதம் என்று இரயில்வே குறித்தது. தெற்கு இரயில்வே தலைமை அதை மூன்று மாதமாகக் குறைத்தது. பொறுப்பேற்ற முப்பத்திரண்டு வயதுப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார்.

இந்தக் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள், படிப்படியாகக் கொடுங்கள். முதல் தாளில் சேதத்தின் அளவையும், தூண்கள் நிற்கின்றன என்பதையும், ஆறு மாதக் கெடுவையும் மட்டும் கொடுத்து, குழுக்களை வலைப்பின்னல் வரையச் சொல்லுங்கள். புதிய தளங்களை எங்காவது உருவாக்கியோ, தொலைவிலுள்ள இரயில்வே இருப்புகளிலிருந்து திரட்டியோ கொண்டுவர வேண்டும் என்பதால், எல்லாக் குழுவின் கிரிட்டிக்கல் பாத்தும் தளங்களின் வரவு வழியேதான் போகும். அந்த வரைபடங்களை வாங்கி வைத்துக்கொண்டபின் இரண்டாம் தாளைக் கொடுங்கள்: விழுந்த தளங்கள் கடலடியில் கிடப்பது மீனவர்கள் வழியே தெரியவந்தது, அவற்றை எடுத்துப் பயன்படுத்த முடியும். இப்போது பாதை எங்கே நகர்கிறது? தளங்களை உருவாக்கும் காலம் மறைந்து, தூக்கி நிறுத்தும் வேகமே திட்டத்தின் வேகமாகிவிடுகிறது. முதல் தளத்தைத் தூக்கி வைக்க ஆகும் நேரத்துக்கும் ஐம்பதாவதைத் தூக்கி வைக்க ஆகும் நேரத்துக்கும் என்ன வேறுபாடு இருக்கும், பளுதூக்கிகளை இரட்டித்தால் காலம் பாதியாகுமா, கடல் கொந்தளிக்கும் நாட்களுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கேள்விகள் தாமாகவே எழும்.

இரண்டாம் வகுப்பில் ஓர் எச்சரிக்கையை மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 46 நாள் என்பதைத் தனிமனிதச் சாதனையாக மட்டும் எடுத்துக்கொண்டு போகும் மாணவர், நாளை தன் கீழுள்ளவர்களிடம் நடக்காத கெடுவைச் சொல்லி “ஸ்ரீதரன் செய்யவில்லையா” என்று கேட்பார். ஸ்ரீதரனின் திறமையில் ஐயமில்லை. ஆனால் காலம் சுருங்கியதற்கு முதற்காரணம் தளங்களின் வரவு என்ற நீண்ட காத்திருப்பு அட்டவணையிலிருந்தே விலகியது. யாருடைய பேச்சைக் கேட்டு அது விலகியது என்பதையும் வகுப்பு எண்ணிப் பார்க்கட்டும். பொறியாளரின் பட்டியலில் இல்லாத மீனவர்கள் அந்தத் திட்டத்தின் பங்குதாரர்களாக இருந்திருக்கிறார்கள்.

இதனோடு புதிய பாம்பன் பாலத்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது. 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, பெருந்தொற்றுக் காலத்தைக் கடந்து, 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட இப்பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி கப்பல்களுக்காகச் செங்குத்தாக உயர்கிறது. கட்டுமானம் முடிந்ததாகத் தோன்றிய நிலையில், 2024 நவம்பரில் இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை குறைகளைச் சுட்டிக்காட்டி நிபந்தனைகளை விதித்தது. எதைக் கண்டால் முடிந்ததாக ஏற்போம் என்று மாணவர் தம் பட்டியலில் எழுதிய அந்த ஒரு வரியின் பெரிய வடிவம் இது. பழைய பாலத்தின்மேல் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது என்பதால், புதிய பாலத்தின் ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் இராமேசுவரம் செல்வோரும் தீவின் வணிகர்களும் ஒரு விலை கொடுத்தார்கள். அந்த விலையைத் தோராயமாக மதிப்பிட எந்தெந்தத் தரவுகள் தேவை என்று எழுதுவது நல்ல வீட்டுப் பணி.

அயல்நாட்டு நேர்வு ஒன்று வேண்டுமென்றால் சிட்னி ஓபரா மாளிகை போதும். 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்ற மதிப்பீடு 10 கோடியே 20 இலட்சமாக உயர்ந்து, 1963-இல் முடிய வேண்டியது 1973-இல் முடிந்தது என்பது பலருக்குத் தெரியும். கூரையின் வடிவம் முடிவாகும் முன்பே 1959-இல் அடித்தளப் பணி தொடங்கியதையும், கூரையைத் தாங்க வலுப்போதாமல் தூண்கள் மறுபடி கட்டப்பட்டதையும் மாணவர் கவனிக்குமாறு செய்யுங்கள்.

செலவும் முன்னேற்றமும்

நடந்த வேலையின் மதிப்பைத் திட்டமிட்டதோடும் செலவானதோடும் ஒப்பிடும் ஈட்டிய மதிப்பு முறையை எளிய எண்களில் தொடங்குங்கள். பத்து மாதம், 40 இலட்சம் ரூபாய்த் திட்டம். ஐந்தாம் மாத இறுதியில் 20 இலட்சத்துக்கான வேலை நடந்திருக்க வேண்டும். நடந்தது 16 இலட்சத்துக்கு. செலவானது 18 இலட்சம். செலவுத் திறன் (16-ஐ 18-ஆல் வகுத்தால்) 0.89, கால முன்னேற்றம் (16-ஐ 20-ஆல் வகுத்தால்) 0.8. இதே திறனில் போனால் மொத்தச் செலவு 45 இலட்சம். இது வரை எல்லா நூலிலும் இருக்கிறது. அந்த 18 இலட்சம் எங்கிருந்து வந்தது என்பதைத் துணை ஒப்பந்ததாரர்களின் பில் தொகைகள் எப்படி வருகின்றன என்று தெரிந்தவர்தான் கேட்பார். செய்த வேலைக்கான பில் கணக்குப் பிரிவுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து வரும் இடத்தில், செலவு எப்போதும் குறைவாகவே தெரியும். திட்டம் ஆரோக்கியமாக இருப்பதாக அறிக்கை சொல்லிக்கொண்டே இருக்கும். தொடக்க வேலைகளுக்கு விலையைக் கூட்டியும் இறுதி வேலைகளுக்குக் குறைத்தும் ஒப்பந்தப் புள்ளி கொடுத்திருந்தால் ஈட்டிய மதிப்பும் வீங்கித் தெரியும். இன்னொன்று: தாமதமாக முடிந்த திட்டத்திலும் கடைசி நாளில் கால முன்னேற்ற எண் ஒன்றுக்கு வந்துவிடும். ஆகவே திட்டத்தின் பிற்பாதியில் அந்த எண்ணை நம்ப வேண்டாம் என்று வகுப்பில் வரைபடம் போட்டே காட்டிவிடுங்கள்.

இடர் மேலாண்மையில் மாணவர்கள் எழுதிவரும் பதிவேடுகள் ஒன்றுபோலவே இருக்கும்: மழை, பணப் பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறை. காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் இல்லாத வரியை ஏற்காதீர்கள். “மழை” என்று எழுதியவரிடம், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சென்னையில் அடித்தளக் குழி திறந்திருந்தால் எத்தனை நாள் நீர் இறைக்க வேண்டும், அந்த மாதங்களுக்குள் தரைமட்டத்தை எட்ட வேண்டுமானால் தோண்டும் வேலை எப்போது தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். “ஆள் பற்றாக்குறை” என்றவரிடம், தளத்தில் வேலை செய்பவர்கள் எந்த மாநிலத்தவர், அவர்கள் பொங்கலுக்குப் போவார்களா, ஹோலிக்கும் சத் பூஜைக்கும் போவார்களா, தேர்தல் எப்போது என்று கேளுங்கள். நிலத்தடிக் குழாய்களையும் மின்கம்பிகளையும் இடமாற்ற வேண்டியிருந்தால் எந்த வாரியத்துக்கு யார் கடிதம் எழுத வேண்டும் என்பதும் பதிவேட்டில் இருக்கட்டும். இப்படித் திருத்தப்பட்ட பத்து வரிகள், திருத்தப்படாத அறுபது வரிகளைவிட மேல்.

2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு பேர் கூடி அறிவித்த, வேலையைச் சிறு பகுதிகளாக முடித்துக் காட்டித் திருத்திக்கொண்டே போகும் அஜைல் வழிமுறைக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். வகுப்பில் மென்பொருள் துறையினர் இருந்தால் அவர்களே எடுக்கட்டும். தேவை தெளிவாகத் தெரியாதபோதும், பாதி முடிந்ததை வாடிக்கையாளர் பயன்படுத்திப் பார்க்க முடியும்போதும் அது சிறக்கும் என்பதையும், பாதி கட்டிய பாலத்தில் இரயில் ஓட்டிப் பார்க்க முடியாது என்பதையும் சேர்த்தே விவாதியுங்கள்.

பருவத் திட்டப்பணியும் மதிப்பெண்ணும்

ஒவ்வொரு குழுவும் நடந்து முடிந்த ஓர் அரசுத் திட்டத்தை எடுத்து, முதல் மதிப்பீட்டிலிருந்து இறுதி நிலை வரை ஆவணங்களின் வழியே எழுத வேண்டும். ஒன்றிய அரசின் புள்ளியியல், திட்ட நடைமுறை அமைச்சகம் 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒன்றியத் திட்டங்களின் கால, செலவு நிலையை அறிக்கைகளாக வெளியிட்டு வந்திருக்கிறது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தாமதத்தின் காரணங்களை நாள்வாரியாகச் சொல்லும் பக்கங்கள் அவற்றில் உண்டு. போதாதென்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். விடை வர முப்பது நாள் வரை ஆகும் என்பதால் விண்ணப்பம் மூன்றாம் வாரத்திலேயே போக வேண்டும். அதுவே மாணவரின் அட்டவணையில் ஒரு வெளிச் சார்பாக இடம்பெறட்டும்.

தளப் பொறியாளர்களையும் ஒப்பந்த வல்லுநர்களையும் அழைத்தால், விரிவுரை ஆற்றச் சொல்லாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் தம் வேலையின் அட்டவணை ஒன்றை, நிறுவனப் பெயரை நீக்கிவிட்டு, கொண்டுவரச் சொல்லுங்கள். மாணவர்கள் முந்தைய வாரமே அதைப் படித்துக் கேள்விகளோடு வந்திருக்க வேண்டும். அவருடைய ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் கேள்விகளுக்கானது.

எழுத்துத் தேர்வில், எண்களைக் கொடுத்து ஃப்ளோட் கேட்பதோடு நிறுத்தாமல், கணக்கிட்டு முடித்த அட்டவணையைக் கொடுத்து, இதில் நீங்கள் நம்பாத ஒரு தேதியைச் சுட்டி ஏன் என்று எழுதுக என்று கேளுங்கள். அக மதிப்பீட்டில் அறிக்கைக்குக் கொடுப்பதைவிட வாய்மொழித் தேர்வுக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். இன்று ஓர் அறிக்கையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி சில நிமிடங்களில் எழுதித் தந்துவிடும். ஆனால் தம் ஏட்டில் ஐந்தாம் வாரம் எட்டு மணி நேரம் என்று எழுதியது ஏன் பத்தொன்பது மணி நேரமாயிற்று என்ற கேள்விக்கு மாணவர்தான் விடை சொல்ல வேண்டும். குழுப் பணியில் ஒவ்வொருவரையும் இன்னொருவர் எழுதிய பகுதியிலிருந்து கேளுங்கள். யார் படித்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

கடைசி வாரத்தில் ஏடுகளைத் திரும்ப வாங்கி, மாணவர்களின் இசைவோடு, பெயர்களை நீக்கிவிட்டு, பணிவாரியாக மதிப்பீட்டையும் உண்மையையும் ஒரே விரிதாளில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு இதே பணிகளுக்கு முதல் மதிப்பீட்டை எழுதியபின், முந்தைய வகுப்பின் உண்மை நேரங்களைக் காட்டி, மதிப்பீட்டை மாற்ற விரும்புகிறார்களா என்று கேட்கலாம். மாற்றியவர்களையும் மாற்றாதவர்களையும் தனித்தனியே குறித்துவைத்து, பணி முடிந்தபின் இரு பிரிவினரின் விகிதங்களையும் கரும்பலகையில் எழுதுங்கள்.